டீக்கடை பேப்பரில் தொடங்கிய மாதம்: கறுப்பின வரலாற்று மாதத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்கு வந்த முதல் பிப்ரவரியில் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘பிளாக் ஹிஸ்டரி மன்த்’ என்று தலைப்பு, மார்ட்டின் லூதர் கிங்கின் படம், அதற்குக் கீழே கேன்டீனில் அந்த வாரம் வறுத்த கோழி ஸ்பெஷல் என்று ஓர் அறிவிப்பு. கோழி நன்றாக இருந்தது, சாப்பிட்டேன். என் மாதம் அதோடு முடிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் கறுப்பினத்தவர். அந்த வாரம் முழுக்க அவர் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தார் என்பது அடுத்த வருடம்தான் என் மண்டையில் உறைத்தது. வறுத்த கோழியை வைத்துக் கறுப்பின மக்களைக் கிண்டலடிப்பது இங்கே நூறு வருடத்துக்கும் மேலான கெட்ட பழக்கம். அது தெரிந்தவர்கள் கண்ணில் அந்த மெனு எப்படிப் பட்டிருக்கும்!

இந்தக் கட்டுரை அப்படிப் புதிதாக வந்து முழிப்பவர்களுக்கு. நான் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே, நம்மவர்கள் நிறைய இருக்கும் ஒரு புறநகரில். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அட்லாண்டாவைச் சுற்றியே இருக்கும். டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், செய்கிற வேலை ஒன்றுதான்.

ஏன் பிப்ரவரி?

“வருடத்திலேயே குறைந்த நாள் உள்ள மாதத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள்” என்று ஒரு ஜோக் உண்டு. உண்மையில் யாரும் கொடுக்கவில்லை. கார்ட்டர் ஜி. வுட்சன் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர் தானே தேர்ந்தெடுத்த மாதம் இது.

வுட்சன் 1875இல் வர்ஜீனியாவில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். இளம் வயதில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்ததே இருபது வயதில்தான். சுரங்கத்தில் அவரோடு ஆலிவர் ஜோன்ஸ் என்று ஒருவர் இருந்தார். உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனாலும் வீட்டில் கறுப்பின எழுத்தாளர்களின் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருந்தார். வேலை முடிந்ததும் தொழிலாளர்கள் அவர் வீட்டில் கூடுவார்கள். வுட்சன் அவர்களுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவார். அதற்குக் கூலி தின்பண்டம்! நம்மூர் டீக்கடை பெஞ்சில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, எழுத்து தெரியாத பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களே, அந்தக் காட்சிதான். தன் மக்களின் வரலாற்றில் தனக்கு ஆர்வம் வந்தது அங்கேதான் என்று வுட்சன் பின்னால் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பையன் 1912இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கினார். டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்கு அப்புறம் அங்கே வரலாற்றில் அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவர். 1915இல் கறுப்பின வரலாற்றை ஆராய ஒரு சங்கம் தொடங்கினார். 1926 பிப்ரவரியில் அந்தச் சங்கம் ‘நீக்ரோ ஹிஸ்டரி வீக்’ என்று ஒரு வாரத்தை அறிவித்தது. ஏன் அந்த வாரம் என்றால், ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாள் 12ஆம் தேதி. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து நாடறிந்த பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸ் தன் பிறந்தநாளாகக் கொண்டாடியது 14ஆம் தேதி. கறுப்பின ஊர்களில் இந்த இரண்டு நாள்களையும் மக்கள் ஏற்கெனவே கொண்டாடி வந்தார்கள். வுட்சன் அதையே பிடித்துக்கொண்டார்.

1970இல் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் அதை ஒரு மாதமாக்கினார்கள். 1976இல் அதிபர் ஃபோர்டு அதை நாடு தழுவி அங்கீகரித்தார். பிரிட்டனில் இருக்கும் உறவினர்கள் “எங்களுக்கு அக்டோபரில்தானே” என்று சொன்னால் அதுவும் சரிதான். அங்கே 1987இலிருந்து அக்டோபர்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வருடம் முழுக்கப் பள்ளியில் படித்ததை ஊருக்குக் காட்டுகிற வாரமாகவே வுட்சன் இதை நினைத்தார். வருடம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஆண்டுவிழாவில் மட்டும் மேடையேறுவதை அவர் கேட்கவில்லை. நான் கீழே சொல்லும் பல வேலைகள் ஒரு மாதத்தில் முடியாததற்குக் காரணம் அதுதான்.

முதலில் நூலக அட்டை

முகவரிச் சான்றோடு போனால் நூலக அட்டை அன்றைக்கே கிடைத்துவிடும், செலவில்லை. அட்லாண்டா நகர மையத்தில் ஆபர்ன் அவென்யூ ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஃபுல்டன் கவுன்டி நூலகங்களில் ஒன்று, முழுக்க ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கும் பண்பாட்டுக்குமானது. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். அது நல்லதுதான். வீட்டுக்குக் கொண்டுவந்தால் நாம் படிக்கப்போவதில்லை.

எங்கிருந்து தொடங்குவது? என் யோசனை, கிங்கிலிருந்து தொடங்காதீர்கள். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஒரு பேச்சின் ஒரு வரி. அதிலிருந்து தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுவோம். உங்கள் ஊரில் வாழ்ந்த, நீங்கள் கேள்விப்படாத ஒருவரைப் பிடியுங்கள். நான் பிடித்தது அலான்சோ ஹெர்ன்டன் என்ற முடிதிருத்துபவரை. 1858இல் அடிமையாகப் பிறந்தவர். அட்லாண்டாவின் பீச்ட்ரீ தெருவில் பளிங்கும் சரவிளக்குமாக ஒரு சலூன் நடத்தினார். கறுப்பினத்தவர் நடத்திய கடை, வேலை செய்தவர்களும் கறுப்பினத்தவர்கள், ஆனால் நாற்காலியில் உட்கார வெள்ளையர்களுக்கு மட்டுமே அனுமதி. அந்தக் காலச் சட்டமும் வழக்கமும் அப்படி. சலூனில் சம்பாதித்த பணத்தில் 1905இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே அட்லாண்டாவில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பின மக்களை வேட்டையாடிய கலவரம். அவர் கடையையும் தாக்கினார்கள். இந்த ஒரு மனிதரின் கதையைத் தொடர்ந்து போனாலே ஊரின் பாதி வரலாறு கையில் வந்துவிடும்.

அப்புறம் இடத்தைப் போய்ப் பாருங்கள். மார்ட்டா ரயிலில் கிங் மெமோரியல் நிலையத்தில் இறங்கி நடந்தால் ஆபர்ன் அவென்யூ. கிங் பிறந்த தெரு, அவரும் அவர் அப்பாவும் பிரசங்கம் செய்த எபனேசர் தேவாலயம், நீர்த்தொட்டி நடுவே அவருக்கும் மனைவி கொரெட்டாவுக்கும் சமாதி, எல்லாம் நடக்கும் தூரம். தேசியப் பூங்காத் துறையின் இடம், நுழைவுக் கட்டணம் கிடையாது. குழந்தைகளோடு போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

வாஷிங்டனுக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம். 2016 செப்டம்பரில் திறந்தது. இலவசம், ஆனால் நேரம் குறித்த அனுமதிச்சீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். லிஃப்ட் உங்களை நேரே கீழே, பதினைந்தாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து சரிவுப் பாதையில் மேலே நடந்து வர வேண்டும். இந்த வரிசையை மாற்றி மேல்மாடியின் இசைக் கருவிகளிலிருந்து தொடங்கும் கூட்டம் ஒன்று உண்டு, அதில் சேராதீர்கள். உள்ளே ஒரு முழு ரயில் பெட்டி நிற்கிறது. கட்டடம் எழும்புவதற்கு முன்பே, 2013இல், கிரேன் வைத்து அதை இறக்கிவிட்டு அதைச் சுற்றித்தான் கட்டினார்கள். பெட்டியை நடுவில் தடுத்து ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் கறுப்பினத்தவர். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே நடந்தால் தடுப்பைத் தாண்டியதும் வசதி குறைவது தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பெட்டிக்கு எனக்கு விளக்கப் பலகை தேவைப்படவில்லை.

வாயைப் பற்றி ஒரு வார்த்தை

கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில், கார்களில், கிரிக்கெட் மைதானத்தில் கறுப்பின மக்களைக் குறிக்கச் சில பட்டப்பெயர்கள் புழங்குகின்றன. “அவர்களுக்குத் தமிழ் புரியாது” என்ற தைரியம். நம் குழந்தைகளுக்குப் புரியும். முதல் வேலையாக அதை நிறுத்துங்கள். தமிழில் கறுப்பினத்தவர், ஆப்பிரிக்க அமெரிக்கர் என்றால் போதும். பேச்சில் ‘பிளாக்’ என்பது மரியாதையான சொல்தான், தயங்க வேண்டாம். ‘நீக்ரோ’, ‘கலர்டு’ இரண்டும் பழைய சங்கங்கள், பள்ளிகளின் பெயர்களில் மட்டும் வரலாம், உங்கள் வாக்கியத்தில் வரக் கூடாது.

இன்னொரு வாக்கியத்தையும் விட்டுவிடுங்கள்: “நாங்களும் வெறுங்கையோடுதான் வந்தோம், உழைத்து முன்னேறவில்லையா?” வெறுங்கையோடு வரவில்லை. பட்டத்தோடு வந்தோம், தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தோம். அப்படி வர முடிந்ததே ஒரு சட்டத்தால். 1946இலிருந்து இந்தியாவுக்கென்று இருந்த குடியேற்ற ஒதுக்கீடு வருடத்துக்கு 100 பேர். ஆமாம், நூறுதான். பிறந்த நாட்டை வைத்து ஆளைக் கழிக்கும் அந்த முறையை 1965 அக்டோபரில் வந்த குடியேற்றச் சட்டம் நீக்கியது. 1964இல் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்தையும், 1965 ஆகஸ்ட்டில் வாக்குரிமைச் சட்டத்தையும் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி, அடிவாங்கி, உயிரைக் கொடுத்து வாங்கிய கையோடு வந்த சட்டம் அது. நமக்குக் கதவு எப்படித் திறந்தது என்று இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நாலுகோடு நோட்டுக்கு ஒரு வேலை

சேவை என்றதும் எல்லோரும் வெளியே எங்கேயோ போக வேண்டும் என்று நினைக்கிறோம். வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடிய, நமக்கென்றே அமைந்த வேலை ஒன்று இருக்கிறது. பழைய கையெழுத்து ஆவணங்களைப் படித்துத் தட்டச்சு செய்வது.

முதலில் அதன் தேவையைச் சொல்கிறேன். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் இருந்தது. அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் இருக்காது. 1860இல் ஏறக்குறைய 40 லட்சம் பேர் இப்படிப் பெயரில்லாமல் கணக்கில் இருந்தார்கள். கறுப்பின மக்கள் எல்லோருடைய பெயரும் முதல்முறையாகப் பதிவானது 1870 கணக்கெடுப்பில்தான். அதனால் தன் மூதாதையரைத் தேடும் கறுப்பினக் குடும்பம் ஒன்று 1870 வரை பின்னால் போய், அங்கே சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்.

அந்தச் சுவரில் ஓட்டை போடுபவை ஃபிரீட்மென்ஸ் பீரோவின் காகிதங்கள். விடுதலையான மக்களுக்காக 1865 மார்ச்சில் தொடங்கி 1872 வரை இயங்கிய அரசு அலுவலகம் அது. திருமணப் பதிவுகள், பண்ணை வேலை ஒப்பந்தங்கள், ரேஷன் பட்டியல்கள், பள்ளி அறிக்கைகள், “முதலாளி கூலி தரவில்லை” என்ற புகார்கள், விற்கப்பட்டுப் பிரிந்துபோன பிள்ளையைத் தேடும் கடிதங்கள் என்று எல்லாவற்றிலும் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் எல்லாம் கையெழுத்தில், பெரும்பகுதி கணினியால் நேரடியாகத் தேட முடியாத வடிவில். மனிதர்கள் உட்கார்ந்து படித்துத் தட்டச்சு செய்தால்தான் ஒரு பேத்தி தேடும்போது பாட்டியின் பாட்டி கிடைப்பாள்.

இங்கே வளரும் பிள்ளைகள் பலருக்குச் சேர்த்தெழுதும் கர்சிவ் எழுத்தைப் படிக்கவே தெரியாது, பல பள்ளிகளில் சில காலம் அதை விட்டுவிட்டிருந்தார்கள். நாம்? நாலுகோடு நோட்டில் பக்கம் பக்கமாக கர்சிவ் எழுதி, சுழி சரியில்லை என்று கொட்டு வாங்கியவர்கள். அந்தக் கொட்டுக்கு இப்போதாவது ஒரு பலன் கிடைக்கட்டும்.

ஸ்மித்சோனியனின் டிரான்ஸ்கிரிப்ஷன் சென்டர் தளத்துக்குப் போங்கள். ஃபிரீட்மென்ஸ் பீரோ பகுதியில் ஏதாவது ஒரு தொகுப்பைத் திறங்கள். ஒரு பக்கத்தின் படம் வரும், அருகில் வெறும் பெட்டி. தெரிவதைத் தெரிகிறபடி தட்டச்சு செய்ய வேண்டும். எழுதியவர் எழுத்துப்பிழை விட்டிருந்தால் நீங்களும் அந்தப் பிழையோடுதான் எழுத வேண்டும். திருத்தாதீர்கள், அது உங்கள் வேலையில்லை. புரியாத சொல்லுக்கு இரட்டைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். ஊகித்து நிரப்புவதை விட அது மேல். நீங்கள் முடித்ததை இன்னொரு தொண்டர் சரிபார்ப்பார்.

இரண்டு கண்ணிகள் உண்டு. அந்தக் காலத்தில் ‘எஸ்’ இரண்டு சேர்ந்து வந்தால் முதல் ‘எஸ்’ஸை நீட்டி ‘எஃப்’ போல எழுதுவார்கள். மிசிசிப்பி என்ற பெயரைப் படிக்க எனக்கு முதல் நாள் கால்மணி நேரம் ஆனது. இரண்டாவது, ஒப்பந்தங்களின் அடியில் வரும் பெருக்கல் குறி. எழுதத் தெரியாதவர் பேனாவைத் தொட்டோ வாங்கியோ போட்ட அடையாளம் அது. ‘அவரது குறி’ என்று குமாஸ்தா அதைச் சுற்றி எழுதியிருப்பார். அதையும் விடாமல் பதிய வேண்டும். நம் தாத்தாக்களின் நிலப் பத்திரத்தில் இருக்கும் கைநாட்டு மாதிரி. இரவு பத்து மணிக்கு, குழந்தைகள் தூங்கியபின், ஒரு பக்கம். எனக்கு ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. வேகம் யாரும் கேட்பதில்லை.

கடிதம் தட்டச்சு செய்வதில் மனம் தாங்குமென்றால், வில்லனோவா பல்கலைக்கழகம் நடத்தும் ‘லாஸ்ட் சீன்’ திட்டத்தையும் பாருங்கள். விடுதலைக்குப் பின் பிரிந்த குடும்பத்தினரைத் தேடி மக்கள் செய்தித்தாள்களில் கொடுத்த விளம்பரங்களைத் தொகுக்கிறார்கள். நான் தொடர்ந்து மூன்றுக்கு மேல் படிப்பதில்லை.

கற்றுக்கொடுப்பது: ஜான்ஸ் தீவின் பின்னறை

வழிகாட்டியாக, அதாவது மென்டராக, இருக்க விரும்புபவர்கள் முதலில் தெற்கு கரோலினாவின் ஜான்ஸ் தீவுக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மாநிலத்தில் வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். பள்ளியே சரியாகக் கொடுக்காமல் வைத்திருந்த மக்களிடம் இந்த நிபந்தனை! ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் பேருந்து வைத்திருந்தார். போகிற வழியில் அந்தப் பகுதிகளைப் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பேருந்து போதவில்லை என்றானபோது, 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் இரவுப் பள்ளி தொடங்கியது. முன்னால் மளிகை, பின்னால் வகுப்பு. வெளியிலிருந்து பார்க்கும் வெள்ளையர்களுக்குக் கடை மட்டும்தான் தெரியும்.

திட்டத்தைத் தீட்டியவர் செப்டிமா கிளார்க். நிறவெறியை எதிர்க்கும் சங்கத்தில் இருந்தார் என்பதற்காக 1956இல் வேலை பறிக்கப்பட்ட ஆசிரியை. ஆனால் வகுப்பெடுக்க அவர் தேர்ந்தெடுத்தது ஆசிரியரை அல்ல, தன் உறவினரான பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகுக்கலைக்காரரை. பட்டம் வாங்கிய ஆசிரியர்கள் வளர்ந்தவர்களைக் குழந்தையாக நடத்துவார்கள் என்று கிளார்க்குக்குத் தெரியும். ராபின்சன் முதல் நாள் பாடத்திட்டத்தோடு போகவில்லை. உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். தன் பெயரை எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், தபாலில் சாமான் வரவழைக்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். அதுவே பாடமானது. இந்த மாதிரிப் பள்ளிகள் பின்னர் தென்மாநிலங்கள் முழுக்கப் பரவின.

நாம் செய்யும் தவறு இதற்கு நேர் எதிர். கணக்குப் புத்தகத்தோடு போய், “முதல் பாடம் பின்னம்” என்று உட்காருவோம். போய்க் கேளுங்கள். பையனுக்கு வேண்டியது பின்னமாக இல்லாமல், கோடை வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதாக இருக்கலாம், கேமரா பற்றியதாக இருக்கலாம்.

நடைமுறை விவரங்கள். பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் போன்ற அமைப்புகள் பல நகரங்களிலும் உண்டு. நூலகங்களிலும் தேவாலயங்களிலும் மாலை வீட்டுப்பாட உதவி நடக்கிறது. நேர்காணல், பின்னணிச் சோதனை, ஒரு சிறு பயிற்சி என்று தொடங்கச் சில வாரங்கள் பிடிக்கும். பின்னணிச் சோதனைக்குச் சில இடங்களில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். ஹெச்-4இல், அதாவது வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசாவில், அந்த எண் இல்லாதவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், வேறு வழி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. விசாவைப் பொறுத்தவரை, வழக்கமாகச் சம்பளமில்லாமல் தொண்டர்கள் செய்யும் வேலை என்றால் பிரச்சினையில்லை. சம்பளத்துக்கு ஆள் வைக்கும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்வதுதான் சிக்கல்.

பெரும்பாலான இடங்களில் குறைந்தது ஒரு வருடம் வருவீர்களா என்று கேட்பார்கள். அது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. நான் என் இரண்டாம் வருடத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். மூன்று மாதம் ஒழுங்காகப் போனேன். அலுவலகத்தில் புராஜெக்ட் கழுத்தை நெரித்தது. ஒரு வாரம் போகவில்லை, அடுத்த வாரம் போகவில்லை, அப்புறம் போக வெட்கமாக இருந்தது. மே மாதம் ஒருங்கிணைப்பாளரை ஒரு கடையில் பார்த்தேன். திட்டவில்லை. “நீங்கள் வருகிற கிழமை எது என்று அவன் நாலைந்து வாரம் கேட்டுக்கொண்டிருந்தான்” என்றார். திட்டியிருக்கலாம். பாதியில் விடுவதாக இருந்தால் தொடங்காமல் இருப்பதே அந்தப் பிள்ளைக்கு நல்லது. ஒரு வருடம் முடியாது என்றால் ஒரே நாள் வேலைகள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றுக்குப் போங்கள்.

ஒரே நாள் வேலைகள்

ஜனவரி மூன்றாம் திங்கள் கிங் நினைவு விடுமுறை. 1994இல் அதை நாடு தழுவிய சேவை நாளாகவும் ஆக்கிச் சட்டம் போட்டார்கள். அன்றைக்கு உணவு வங்கிகளில் நிற்க இடமிருக்காது, இடங்கள் வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். பதிவு செய்யாமல் குடும்பத்தோடு போய்த் திரும்பி வந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. பிப்ரவரியில் ஏதாவது ஒரு புதன்கிழமைக்குப் போடுங்கள். அன்றுதான் ஆள் கிடையாது. மூடிய காலணி கட்டாயம், பிள்ளைகளுக்கு வயது வரம்பு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சங்கத்திலோ தமிழ்ப் பள்ளியிலோ நிகழ்ச்சி வைப்பவர்களுக்கு: மாறுவேடம் வேண்டாம். முகத்தில் கருமை பூசுவது இங்கே எவ்வளவு பெரிய அவமானம் என்று தெரியாமல் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கும் நிலை வரக் கூடாது. கறுப்பினப் பேச்சாளரை அழைத்தால் சன்மானம் கொடுங்கள். சால்வை மட்டும் போதாது. தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல உண்மையான தொடர்பும் இருக்கிறது: 1959இல் கிங் இந்தியா வந்தபோது சென்னை, காந்திகிராமம், மதுரை, கன்னியாகுமரி எல்லாம் போனார். சமையலில் ஆர்வமிருந்தால் வெண்டைக்காயும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவில் தோன்றி, ஒரு பக்கம் நமக்கும் மறுபக்கம் அடிமைக் கப்பல்களின் காலத்தில் அமெரிக்காவுக்கும் போன கதையைச் சொல்லலாம். கோழி வேண்டாம்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு சனிக்கிழமை

எனக்குப் பிடித்த வேலையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் பழைய இடுகாடுகள் நிறையக் காடு மண்டிக் கிடக்கின்றன. சாவிலும் பிரித்தே வைத்தார்கள். அட்லாண்டாவின் சவுத்-வியூ கல்லறைத் தோட்டம் 1886இல் பிறந்ததே, நகரத்து இடுகாட்டில் பின்வாசல் வழியாகப் போக வேண்டியிருந்த கறுப்பின மக்கள் தாங்களே நிலம் வாங்கியதால்தான். சலூன்காரர் ஹெர்ன்டனும் கிங்கின் பெற்றோரும் அங்கேதான் இருக்கிறார்கள். அது நன்றாகப் பராமரிக்கப்படும் இடம். கிராமப்புறத் தேவாலயங்களின் பின்னாலிருக்கும் சின்ன இடுகாடுகளுக்குத்தான் கை தேவை. தேவாலயமோ அங்கே புதைக்கப்பட்டவர்களின் சந்ததியினரோ அழைத்தால் மட்டும் போங்கள். நாமாக உள்ளே இறங்கக் கூடாது.

போனதும் கை பரபரக்கும், எல்லாவற்றையும் பிடுங்கித் துப்புரவாக்கிவிடத் தோன்றும். பொறுங்கள். தரையில் கிடக்கும் சங்கு, சிப்பி, உடைந்த பீங்கான் தட்டு, நீல பாட்டில், பழைய விளக்கு எதுவும் குப்பை இல்லை. இறந்தவர் கடைசியாகப் பயன்படுத்திய பொருள்களைக் கல்லறை மேல் வைப்பது நடு ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியிலிருந்து வந்த வழக்கம். இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். செதுக்காத வெறும் கல் நட்டமாக நின்றால் அது ஒருவரின் தலைமாடு. கல் வாங்கக் காசில்லாத இடத்தில் யுக்கா செடியையோ பெரிவிங்கிள் கொடியையோ நட்டு அடையாளம் வைத்தார்கள். நம்மூரில் நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்கிறோமே, பெரிவிங்கிள் அதன் ஒன்றுவிட்ட சகோதரி, பூவும் ஏறக்குறைய அதே முகம். ஊதாப் பூக்கொடி தரையெல்லாம் படர்ந்திருந்தால் களை என்று பிடுங்காமல் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள்.

கல்லைக் கழுவச் சுத்தமான தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பிளீச், கம்பி பிரஷ் இரண்டும் கூடாது. மாவு அல்லது சுண்ணாம்பு தேய்த்து எழுத்தைப் படிக்கும் குறுக்குவழியும் வேண்டாம். செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தானாக எழும்பும்.

இந்த வேலைக்குப் பிப்ரவரி உண்மையிலேயே நல்ல மாதம். புதர் காய்ந்திருக்கும், பாம்பு வெளியே வருவது குறைவு, தரையின் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும். பாய்சன் ஐவிக்கு இலை உதிர்ந்திருக்கும் என்று மட்டும் அலட்சியம் வேண்டாம். மரத்தில் மயிர் முளைத்த கயிறு மாதிரி ஒரு கொடி ஏறியிருந்தால் அது அதுதான், இலையில்லாவிட்டாலும் அரிக்கும். முழுக்கை சட்டை, கையுறை.

பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை அடையாளக் கொடி, அதாவது ஃபிளாக், நடுவது. பழைய சவக்குழிகளில் மண் உள்வாங்கி, ஓர் ஆள் நீளத்துக்கு லேசான பள்ளம் விழுந்திருக்கும். கல்லோ செடியோ இல்லாத அந்தப் பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் சின்னக் கம்பிக் கொடி ஒன்று குத்த வேண்டும், பின்னால் அளப்பவர்களுக்காக. சென்ற வருடம் என் மகள் கையில் ஐம்பது கொடி உள்ள ஒரு கட்டைக் கொடுத்தார்கள். தேவாலயத்தின் பின்சுவரிலிருந்து ஓடையை நோக்கி அவள் நட்டுக்கொண்டே போனாள். பாதி வழியில் கொடி தீர்ந்துவிட்டது. நீங்கள் போகும்போது முதலிலேயே இரண்டு கட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.